மாமல்லபுரத்துக்கு வெயில் பார்த்துப் போங்கள்

பெங்களூரில் இருக்கும் நம்மவர்களிடம் மாமல்லபுரம் போய்வந்த கதையைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சென்னையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், மறுநாள் ஒரு வேன் பிடித்துப் பதினோரு மணிக்குக் கிளம்பி, உச்சி வெயிலில் போய் இறங்கி, வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி ஒரு போட்டோ, கடற்கரைக் கோயில் முன்னால் ஒரு போட்டோ, கால் சுடுகிறது என்று குழந்தைகள் அழ, நாலு மணிக்குத் திரும்பிவிடுவார்கள். நானும் இரண்டு தடவை அப்படித்தான் போய்வந்தேன். மூன்றாவது தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் அந்த ஊர் எனக்குக் கண்ணில் பட்டது. அவருக்கு முழங்கால் வலி, வேகமாக எங்கும் நடக்க முடியாது, அதனால் காலை ஆறரை மணிக்கே அர்ச்சுனன் தபசு என்கிற பெரிய பாறைச் சிற்பத்துக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டோம். கடல் பக்கமிருந்து வெயில் ஏற ஏற, வெறும் பாறையாகத் தெரிந்த இடத்திலிருந்து முதலில் யானையின் நெற்றி, அப்புறம் அதன் காலடியில் குட்டிகள், அப்புறம் ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் விலா எலும்பு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் நேர் வெளிச்சம் அடித்து எல்லாம் தட்டையாகிவிட்டது. ஒரு மணிக்கு வந்து பார்க்கிறவர்கள் பார்ப்பது அந்தத் தட்டையைத்தான்.

அதனால் நான் யாருக்கு வழி சொன்னாலும் முதலில் சொல்வது இதுதான்: எந்தக் கல் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, அதன்மேல் வெயில் சாய்வாக விழும் நேரத்துக்குப் போங்கள். அர்ச்சுனன் தபசு கிழக்கே பார்க்கிறது, அது காலைக்கு. மகிஷாசுரமர்த்தினி குகையும் கிழக்குதான். ஐந்து ரதங்கள் என்பவை பாறையில் செதுக்கிய கோயில்கள், அவற்றில் வரிசையாக நிற்கும் நான்கும் மேற்கே பார்க்கின்றன, அவற்றுக்கு மாலை நாலு மணிக்கு மேல்தான் உயிர் வரும். வராக மண்டபமும் மேற்கு, அதுவும் மாலை. கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால்தான் சூரியன் உதிக்கிறது, ஆகவே விடியலில் கோயில் கறுப்பு நிழலாகத் தெரியும், அது ஓர் அழகு. சிற்ப வேலையைக் கிட்டப் பார்க்க வேண்டுமென்றால் அரைமணி பொறுத்திருந்து கடல் பக்கமாகச் சுற்றிவந்து பாருங்கள். இப்படித் திட்டம் போட்டால் ஊரில் இரண்டு இரவாவது தங்க வேண்டும். ஒருநாளில் முடித்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், முடித்துவிடலாம், ஆனால் பார்த்திருக்க மாட்டீர்கள்.

போகும் வழியும் இதே கணக்கில்தான். பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 340 கிலோமீட்டர். நிறையப் பேர் சென்னைக்குள் போய், நெரிசலில் மாட்டி, அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை பிடித்து வருகிறார்கள். அது வேண்டாம். ஒசூர், கிருஷ்ணகிரி, ஆம்பூர், வேலூர் தாண்டிக் காஞ்சிபுரத்தில் இறங்கி, அங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குள் நுழையுங்கள். திரும்பும்போது மட்டும் கடற்கரைச் சாலையில் வடக்கே போய்ச் சென்னையில் முடியுங்கள். போன வழியில் திரும்ப வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் பார்க்க நிறைய இருக்கிறது. கார் என்றால் விடிகாலை நாலு மணிக்கு வீட்டை விட்டுவிட வேண்டும், ஆறு மணிக்கு எழுந்து குளித்துப் புறப்பட்டால் சில்க் போர்டிலும் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியிலுமே பாதிக் காலை போய்விடும், நீண்ட விடுமுறை வாரமென்றால் கேட்கவே வேண்டாம். கார் இல்லாதவர்களுக்கு என் யோசனை: பெங்களூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு இரவு பஸ், நேர் பஸ் கிடைக்காவிட்டால் வேலூரில் மாறிக்கொள்ளலாம், காஞ்சியிலிருந்து மாமல்லபுரத்துக்கு உள்ளூர் பஸ், திரும்பி வருவதற்குச் சென்னை சென்ட்ரலில் பெங்களூர் மெயிலோ காவேரி எக்ஸ்பிரஸோ முன்பதிவு செய்துவிடுங்கள்.

காஞ்சிபுரத்தில் ஏன் நிற்கச் சொல்கிறேன் என்றால், கடற்கரைக் கோயிலைக் கட்டிய அதே பல்லவ அரசன் ராஜசிம்மன்தான் அங்கே கைலாசநாதர் கோயிலையும் கட்டினான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். அவனுக்கு முன்னால் மாமல்லன் என்று பெயர் பெற்ற முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில் பாறையைக் குடைந்தார்கள், செதுக்கினார்கள். ராஜசிம்மன் காலத்தில் கல்லை வெட்டி எடுத்து அடுக்கிக் கட்டினார்கள். கைலாசநாதரை முதலில் பார்த்துவிட்டால் மாமல்லபுரத்தில் எது குடைந்தது, எது செதுக்கியது, எது கட்டியது என்று கண் தானாகப் பிரித்துக்கொள்ளும். கைலாசநாதர் கோயில் மணற்கல், அதனால் நிறைய இடத்தில் தேய்ந்திருக்கிறது, பிற்காலத்தில் சுதை பூசி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். பூச்சு எது, பழைய கல் எது என்று பார்த்துக்கொண்டே பிராகாரத்தைச் சுற்றுங்கள். மதிலை ஒட்டி 58 சின்னச் சன்னிதிகள், சிலவற்றின் உள்சுவரில் பல்லவர் காலத்து வண்ணம் இன்னும் துணுக்குத் துணுக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறது, மொபைல் விளக்கை அடிக்காமல் கண்ணைப் பழக்கிப் பாருங்கள், தெரியும். மதியம் 12 மணிக்குக் காஞ்சிக் கோயில்களை மூடிவிடுவார்கள், திரும்ப 4 மணிக்குத்தான். அதனால்தான் நாலு மணிக்குக் கிளம்பச் சொன்னேன். காலை டிபனுக்கு மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு மந்தாரை இலையில் வேகவைத்த காஞ்சிபுரம் இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

மத்தியானம் மூன்று மணிக்குள் மாமல்லபுரம் போய் அறையில் பையைப் போட்டுவிட்டு நேராக ஐந்து ரதங்களுக்கு. கடற்கரைக் கோயிலுக்கும் இதற்கும் சேர்த்து ஒரே டிக்கெட், ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். ஐந்தும் தனித்தனிப் பாறையைக் கொண்டுவந்து வைத்ததல்ல, அங்கேயே கிடந்த பாறைத் திட்டை மேலிருந்து கீழாகச் செதுக்கி இறக்கியது. இதை நம்ப வேண்டுமானால் கோபுர உச்சியைப் பார்க்காமல் அடிப்பகுதியைப் பாருங்கள், பல இடத்தில் வேலை முடியாமல் கல் அப்படியே நிற்கும். பீமன், திரௌபதி என்ற பெயரெல்லாம் பின்னால் ஊர் வைத்தது, பாண்டவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது திரௌபதி ரதம்தான், இருப்பதிலேயே சின்னது. ஓலை வேய்ந்த குடிசை, அவ்வளவுதான். கூரை சரிந்து வளைந்து இறங்கும் விதம், அதன் விளிம்பு, எல்லாம் மூங்கிலும் ஓலையுமாக யாரோ ஒருவர் தினமும் பார்த்த வீடு. மற்ற ரதங்களிலும் மரச் சட்டத்தின் முனை, உத்தரம் என்று தச்சு வேலையின் அச்சு தெரியும். அதற்குமுன் மரத்திலும் செங்கல்லிலும் கட்டியவர்கள், அதையெல்லாம் கல்லுக்கு மாற்றிப் பார்த்த இடம் இது. சகாதேவ ரதத்தின் பின்பக்கம் வளைவாக யானையின் பின்புறம் போல இருக்கும், பக்கத்திலேயே ஒரு யானையையும் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள், இரண்டையும் ஒரே பார்வையில் வைத்துப் பாருங்கள்.

வெளியே வந்ததும் நேரமிருந்தால், அல்லது அடுத்த நாள் மாலை, ஊரின் மேற்குப் பக்கம் இருக்கும் பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் தேடிப் போங்கள். ஆட்டோக்காரரே சில சமயம் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார். கூட்டமே இருக்காது. அவையும் முடியாத வேலைதான். மலைமேல் முடியாத குகைகளில் பாறை முகப்பு முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டியிருப்பதைப் பார்க்கலாம்: முதலில் சதுரமாகப் பள்ளக்கோடு, அப்புறம் நடுவில் நிற்கும் கட்டியைத் தட்டி எடுப்பது, மறுபடியும் கோடு. குகை குடைந்த முறை இதுதான், பாதியில் நின்றுபோனதால்தான் நமக்குத் தெரிகிறது. முடிந்த வேலையில் இந்தத் தடம் எல்லாம் அழிந்துவிடும்.

இரண்டாம் நாள் விடியலில் கடற்கரைக் கோயில். ஆறு மணிக்குத் திறப்பார்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் உதிக்கும், ஆகவே உள்ளே இருந்தே உதயத்தைப் பார்த்துவிடலாம், மே மாதத்தில் அது முடியாது. இரண்டு சிவன் சன்னிதி, நடுவே பள்ளிகொண்ட பெருமாள். உப்புக் காற்று ஆயிரத்து முந்நூறு வருஷமாக அரித்த கல், சிங்கத்தின் முகங்கள் பாதி கரைந்த வெல்லம் மாதிரி இருக்கும். அங்கே அரைமணி நேரம் போதும், ஏழு மணிக்கு முன்னால் அர்ச்சுனன் தபசுக்கு வந்துவிடுங்கள், நடக்கிற தூரம்தான், சாலையோரம், டிக்கெட் கிடையாது.

இங்கே அவசரப்படாதீர்கள். 90 அடிக்குக் குறையாத அகலத்தில் இரண்டு பெரும் பாறை, நடுவில் ஒரு பிளவு. அது அர்ச்சுனன் பாசுபதம் கேட்டுத் தவமிருந்ததா, பகீரதன் கங்கையைக் கொண்டுவந்ததா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பிளவைப் பார்த்தால் கங்கைதான் என்று படுகிறது. மேலே நீர் தேக்க ஒரு தொட்டி இருந்த தடம் இருக்கிறது, அங்கிருந்து தண்ணீர் வழிந்தால் பிளவில் இருக்கும் நாகர்கள் நீந்துவது மாதிரி இருந்திருக்கும். பிளவுக்குப் பக்கத்தில் கீழே ஒருவர் குளித்துவிட்டு ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிறார், அவர் கைகளைக் கண்டுபிடியுங்கள். இடப்பக்கம் கீழே ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. வலப்பக்கம் பெரிய யானைக்கு முன்னால் ஒரு பூனை இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி நின்று தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள் நம்பிக்கையோடு கும்பிடுகின்றன. குழந்தைகளைக் கூட்டிவந்தால் மொத்தக் கதையையும் சொல்ல வேண்டாம், பூனையைக் கண்டுபிடி என்று விட்டுவிடுங்கள், ஒரு மணி நேரம் அசையமாட்டார்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் அரசு அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்து, கட்டணத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் அரைமணி நேரம் யாரும் விளக்காமல் நீங்களே பாருங்கள் என்பேன்.

அதற்குத் தெற்கே ஒட்டியே கிருஷ்ண மண்டபம். முன்னால் விஜயநகர காலத்தில் தூண் மண்டபம் கட்டிவிட்டதால் உள்ளே கொஞ்சம் இருட்டாக இருக்கும். கோவர்த்தன மலையைத் தூக்கும் கண்ணனை எல்லாரும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அவனுக்குப் பக்கத்தில் ஓர் இடையர் பால் கறக்கிறார். பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்கிக்கொடுக்கிறது, அந்த நாக்கு கன்றின் முதுகில் அழுந்துகிற இடத்தில் கல் மெத்தென்று தெரியும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “மர்பி டவுன்ல நம்ம பக்கத்து வீட்டு லட்சுமி இப்படித்தான் நக்கும்” என்றார். எண்பதுகளில் பெங்களூரின் அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு மாடு இருந்தது. வயதானவர்களை அழைத்து வருகிறவர்கள் இந்த இரண்டு இடத்தையும் ஐந்து ரதங்களையும் வைத்துக்கொண்டால் போதும், எல்லாம் சமதரை. மலைமேல் ஏறிப் பார்க்கிறவற்றை, வராக மண்டபம், மகிஷாசுரமர்த்தினி, கலங்கரை விளக்கம், காலில் தெம்பு உள்ளவர்கள் தனியாகப் போய்வரலாம். மகிஷாசுரமர்த்தினி குகையில் ஒரு சுவரில் சிங்கத்தின்மேல் போருக்குப் பாயும் துர்க்கை, எதிர்ச் சுவரில் நிம்மதியாகப் படுத்திருக்கும் பெருமாள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாருங்கள்.

ஊருக்குள்ளேயே இருக்கும் தலசயனப் பெருமாள் கோயிலை விட்டுவிடாதீர்கள், 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பூதத்தாழ்வார் பிறந்த ஊரல்லவா. பெருமாள் இங்கே ஆதிசேஷன் இல்லாமல் வெறும் தரையில் படுத்திருக்கிறார்.

பதினோரு மணிக்கு மேல் வெயில் கல்லுக்கு ஆகாது, நமக்கும் ஆகாது. அந்த நேரத்தைப் பட்டறைகளுக்கு வையுங்கள். மாமல்லபுரத்தைப் பழைய ஊர் என்று மட்டும் நினைத்துப் போனால் பாதியைத் தவறவிடுவீர்கள், இன்றைக்கும் நம் கோயில்களுக்குச் சிலை இங்கிருந்துதான் போகிறது, வெளிநாட்டில் எழும் கோயில்களுக்கும் போகிறது. 1957-ல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. அதற்குத் தலைமை வகித்த கணபதி ஸ்தபதிதான் கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை நிறுத்தியவர், 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். அல்சூர் ஏரிக்கரை வள்ளுவரைத் தினமும் கடந்து வேலைக்குப் போகிற நமக்கு இது கொஞ்சம் கூடுதல் சந்தோஷம். இந்த ஊர்க் கற்சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சாலையோரம் உளிச் சத்தம் கேட்கிற எந்தப் பட்டறையிலும் வெளியே நின்று, “அண்ணே, பார்க்கலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் உளி கல்லில் இருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர் நிறுத்தி நிமிரும் வரை இருங்கள். கல்லை முதலில் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பார்கள். வெண்கலம் மாதிரி ஒலித்தால் உள்ளே விரிசல் இல்லை, மந்தமாகக் கேட்டால் ஒதுக்கிவிடுவார்கள். சத்தத்தை வைத்தே ஆண் கல், பெண் கல் என்று பிரித்து ஆண் தெய்வத்துக்கு ஒன்று, அம்மனுக்கு ஒன்று என்று எடுப்பதும் உண்டு. அப்புறம் காவியில் கோடு. முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்று வைத்துக்கொண்டு மொத்த உயரத்தையும் அதால் பிரிப்பார்கள், பெரிய தெய்வங்களுக்கு ஒன்பது, பத்து தாலம், பிள்ளையாருக்கு ஐந்து. அதனால்தான் பிள்ளையார் எங்கே பார்த்தாலும் குழந்தை மாதிரி இருக்கிறார். பெரிய கழிவை இப்போது கட்டர் வைத்து எடுத்துவிடுகிறார்கள், அந்த நேரத்தில் தூசி புகையாக எழும், குழந்தைகளோடு காற்று வருகிற பக்கமாக நில்லுங்கள், முகக்கவசம் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கருங்கல் தூசி நுரையீரலை அரிக்கும், அதிலேயே முப்பது வருஷம் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் அவர்கள். விலையில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கும்முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முகம், விரல், நகை எல்லாம் உளிதான். ஓர் இரண்டடி அம்மன் சிலையில் எல்லாம் முடிந்து கண் மட்டும் வழவழவென்று வெறுமையாக இருந்தது. அம்மா கேட்டுவிட்டார், “ஏம்ப்பா, கண்ணு மட்டும் விட்டுட்டே?” அந்தச் சிற்பி கையைத் துடைத்துக்கொண்டு, “கண்ணு கடைசியிலதாம்மா. எடுத்துட்டுப் போறவங்க வரட்டும், அப்பத் திறந்து தருவோம்” என்றார்.

சிலை வாங்குவது பற்றி நான் ஏமாந்த கதையைச் சொல்லியாக வேண்டும். முதல் தடவை போனபோது ஒரு கடையில் கருங்கல் பிள்ளையார் என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி வாங்கிவந்து, சதுர்த்தி அன்று வீட்டில் அபிஷேகம் செய்தால், பாலோடு கறுப்பும் சேர்ந்து தாம்பாளத்தில் வழிந்தது. மிருதுவான மாக்கல்லில் செய்து கறுப்பேற்றிய பொம்மை அது. அன்றைக்கு அம்மா முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அதற்குப்பின் நான் செய்வது: சிலையைத் திருப்பி அடிப்பக்கத்தில் நகத்தால் கீறிப் பார்ப்பேன், மாக்கல் என்றால் வெள்ளைக் கோடு விழும், கருங்கல்லில் நகம்தான் தேயும். ஈரத் துணியால் முதுகுப் பக்கம் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பேன். பின்புறத்தில் உளித்தடம் ஒன்றுகூட இல்லாமல், பக்கவாட்டில் மெல்லிய ஒட்டுக் கோடு ஓடினால் அது அச்சில் வார்த்தது. மாக்கல்லும் நல்ல கல்தான், அலமாரியில் வைக்க அழகாக இருக்கும், மாக்கல் என்று சொல்லி விற்றால் அதற்குரிய விலை கொடுத்து வாங்கலாம். பூஜைக்கு என்றால் பட்டறையில் நேராகச் சொல்லிச் செய்வதுதான் சரி. உயரத்தை அங்குலத்தில் சொல்லுங்கள், பீடம் சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் சொல்லுங்கள், முன்பணம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், கண் திறப்பதற்கு முன் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் முகத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் மாற்ற முடியும்.

சாப்பாடு, தங்கல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடற்கரைக்குப் போகும் ஒத்தவாடை தெருவில் சின்ன விடுதிகளும் மீன் கடைகளும் வரிசையாக உண்டு, வார நாளில் அறை சுலபமாகக் கிடைக்கும். மீனைத் தட்டில் வைத்துக் காட்டுவார்கள், வஞ்சிரமோ சங்கராவோ இறாலோ, சமைக்கச் சொல்வதற்கு முன்னால் எடை போட்டு விலை பேசிவிடுங்கள். சைவம் என்றால் பஸ் நிலையத்தை ஒட்டிய ஓட்டல்களே போதும். கோடையில் போனால் சாலையோரம் நுங்கு, இளநீர். இன்னொன்று, கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். கடற்கரைக் கோயில் பக்கம் பாறைகளும் இழுப்பும் உண்டு, கரையில் நின்று பார்த்தால் முழங்கால் அளவுதான் மாதிரித் தெரியும். நீச்சல் தெரியும் என்று சொல்கிறவர்கள் கப்பன் பார்க் பக்கத்து நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்டவர்கள், அலையில் அல்ல. கால் நனைத்தால் போதும். காலம் என்று பார்த்தால் டிசம்பர் பின்பாதி முதல் பிப்ரவரி வரை நல்லது, அந்தப் பருவத்தில் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழாவும் இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மே மாதத்தில் பாறை சுடும், பெங்களூர் உடம்பு தாங்காது.

மூன்றாம் நாள் வடக்கே. ஐந்து கிலோமீட்டரில் சாளுவன்குப்பத்தில் புலிக்குகை, பாறை முகப்பு முழுக்க யாளித் தலைகள் வளையமாக, கூடவே நல்ல நிழல். அதே வளாகத்தில் கொஞ்சம் தள்ளிப் போனால் 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டி எடுத்த முருகன் கோயில் இருக்கிறது. பல்லவர் கட்டுமானத்துக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில். அலை மணலை அரித்துக் கல்வெட்டுப் பாறையை வெளியே காட்டியதால் கிடைத்தது. வேலால் அடையாளம் தெரிகிற முருகனிடம் நின்றுவிட்டு மேலே போங்கள், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. 1996-ல் திறந்தது, தென் மாநிலங்களில் இடிக்கப்பட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள், செட்டிநாட்டு வீடு, அக்ரகாரத்து வீடு, கேரளத்து மரவீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு என்று. கன்னடம் பேசுகிற நண்பரைக் கூட்டிப் போயிருந்தால் அவர் ஊர் வீடும் இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துபோவார். நடந்து பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அந்த நாளில் போய் ஏமாறாதீர்கள்.

அங்கிருந்து சென்னைப் பக்கம் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னைக் கலைக் கல்லூரியில் அவரிடம் படித்த மாணவர்களும் சேர்ந்து அமைத்தது. படம் வரைந்து பிழைக்க முடியாத காலம், ஆகவே மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தப் பணத்தில் கடலோரம் மணல்காட்டை வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். காலையில் பிழைப்புக்குக் கைவினை, மற்ற நேரம் தங்கள் ஓவியம். அங்கே இருக்கும் அருங்காட்சியகத்தில் அந்தத் தலைமுறையின் வேலைகளை ஒரே இடத்தில் பார்க்கலாம், தகட்டை அடித்துச் செய்த உலோகச் சிற்பங்களுக்கு முன்னால் சற்று அதிக நேரம் நில்லுங்கள். பணிக்கரின் கடைசிக்கால ஓவியங்களில் எழுத்து மாதிரி, ஜாதகக் கட்டம் மாதிரிக் குறிகள் நிறைந்திருக்கும், வாசிக்க முயன்றால் வாசிக்க வராது. இந்தக் கிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஓவியர் எஸ்.ஜி. வாசுதேவ் பின்னால் பெங்களூருக்கே வந்துவிட்டார். ஜனவரியில் குமார கிருபா சாலையில் சித்திர சந்தைக்குப் போகிற பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தை ஒருதடவை பார்த்துவிட வேண்டும்.

வடக்கே போக மனமில்லை, கூட்டம் வேண்டாம் என்பவர்கள் தெற்கே கல்பாக்கம் பக்கம் சதுரங்கப்பட்டினத்துக்குப் போங்கள். டச்சுக்காரர் கோட்டை, உள்ளே 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கற்கள். எழுத்தும் பூவேலையும் பல்லவர் கையிலிருந்து முற்றிலும் வேறு கை. ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம், வாசலில் ஆளே இருக்கமாட்டார்கள்.

சிலையோடு திரும்புகிறவர்களுக்கு: ஓர் அடி உயரப் பிள்ளையாரே பத்துக் கிலோவை நெருங்குவார். பட்டறையிலேயே வைக்கோல் வைத்துச் சாக்கில் கட்டித் தருவார்கள், அவர்கள் கட்டட்டும், நீங்கள் பிரித்துத் துண்டில் சுற்ற வேண்டாம். முதலில் உடைவது மூக்கு, விரல், தும்பிக்கை நுனி, ஆகவே அந்தப் பக்கம் வைக்கோல் அதிகம் வைக்கச் சொல்லுங்கள். ரயிலில் கீழ் பெர்த் எடுத்துச் சீட்டுக்கு அடியில், முகம் மேலே பார்க்கும்படி மல்லாக்க வையுங்கள். காரில் என்றால் பின்சீட்டின் கால்வைக்கும் பள்ளத்தில், டிக்கியில் வேண்டாம்.